நீள்கட்டுரைக்கும் குறும்பதிவுக்கும் நடுவே

கூகுளின் வலைப்பூச் சேவையான பிளாகரில் நெடுங்காலமாக எழுதிவரும் வாசகர் ஒருவர், ஒரு கட்டுரையை முடிக்கவே மாதக்கணக்கில் ஆகிவிடுவதாகவும், இடையில் தோன்றுவனவற்றை எக்ஸ் தளத்தில் எழுதிவிட்டுப் பின்னர் தேடினால் கிடைப்பதில்லை என்றும் குறிப்பிட்டு, இரண்டுக்கும் நடுவே வழி உண்டா என்று கேட்டிருக்கிறார்.

உண்டு, ஆனால் அதைச் சொற்களின் எண்ணிக்கையில் தேடினால் அகப்படாது. எழுதுபவரைத் தயங்கவைப்பது நீளத்தைவிடத் தலைப்புதான் என்பது என் கணிப்பு. தலைப்பை இட்டதுமே அதற்கேற்ற முன்னுரையும் சான்றுகளும் முடிவுரையும் வேண்டும் என்ற கடமையுணர்வு வந்துவிடுகிறது. ஆகவே, ஒரே ஒரு கருத்தை மட்டும் சொல்லி நிறுத்தும், தலைப்பில்லாத, ஒன்றிரண்டு பத்திக் குறிப்புகளை உங்கள் வலைப்பூவிலேயே எழுதுங்கள். இது விதிமீறலும் அன்று: புதிய பதிவுகளை வாசகருக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் செய்தியோடைக்கான ஆர்எஸ்எஸ் 2.0 வரையறையே, ஒரு பதிவுக்குத் தலைப்பு, விவரம் ஆகிய இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்கிறது. மற்றொரு வலைப்பூ மென்பொருளான வேர்ட்பிரஸ் 2011இல் வெளியிட்ட 3.1 பதிப்பிலேயே இத்தகைய குறிப்புகளுக்கென்று தனிப் பதிவு வடிவத்தைச் சேர்த்தது. எல்லாத் தீம்களும் (தள வடிவமைப்புகளும்) அதை ஆதரிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

எக்ஸிலேயே சற்று நீட்டி எழுதலாமே என்று தோன்றலாம். ட்விட்டராக இருந்த காலத்தில் 140 எழுத்துகளாக இருந்து 2017இல் 280ஆக உயர்ந்த அதன் எழுத்து வரம்பு, தமிழில் நாம் எண்ணும் எழுத்துகளைக் கணக்கிடுவதில்லை. புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் தனித்தனியே எண்ணுகிறது. ‘நிபுணர்’ என்பது நமக்கு நான்கெழுத்து, அதற்கு ஏழு. வாதம் வளர்வதற்குள் இடம் தீர்ந்துவிடுகிறது. அடுத்தடுத்த பதிவுகளைக் கோத்து இழையாகத் தொடர்ந்தால், ஒவ்வொரு துண்டும் தனியே பகிரப்படலாம் என்பதால், ஒவ்வொன்றையும் பஞ்ச் வசனமாக முடிக்கும் பழக்கம் தொற்றிக்கொள்கிறது. கட்டணச் சந்தா செலுத்தினால் நீளமாக எழுதலாம் என்றாலும், எழுதியதைத் தேடி எடுக்கும் சிக்கல் அப்படியே இருக்கும்.

பிளாகரில் தலைப்புக் கட்டத்தைக் காலியாக விடலாம். அப்போது சில வார்ப்புருக்களில் பதிவைத் திறக்கச் சொடுக்குவதற்கு எதுவும் இராது. ஆகையால் தேதியே பதிவின் நிலையிணைப்பாக (அதைச் சொடுக்கினால் பதிவு திறக்கும் நிரந்தர இணைப்பாக) அமையும்படி வடிவமைப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். தமிழ்த் தலைப்பு இட்டாலும்கூட முகவரியில் ‘பிளாக்-போஸ்ட்’ என்றும் சில எண்களும்தான் வரும். எனவே வெளியிடும் முன் ஆங்கில எழுத்துகளில் பொருள் விளங்கும் முகவரியைக் கைப்பட அமைப்பது நல்லது. எல்லாக் குறிப்புகளுக்கும் ‘குறிப்பு’ என்னும் லேபிளை இடுங்கள். பிளாகர் ஒவ்வொரு லேபிளுக்கும் தனிச் செய்தியோடை தருவதால், கட்டுரைகளை மட்டும் விரும்பும் வாசகர், நீங்கள் ‘கட்டுரை’ என்று லேபிளிட்டவற்றின் ஓடையை மட்டும் பின்தொடரலாம்.

வெளியிட்ட பிறகு, முதல் வாக்கியத்தையும் இணைப்பையும் எக்ஸில் பகிருங்கள். வாசகர்கள் அங்கேதானே இருக்கிறார்கள். குறிப்பு ஒன்று துணைத்தலைப்பைக் கேட்கத் தொடங்கினால் அதை வரைவுக்கு நகர்த்திவிடுங்கள், அது கட்டுரைக்கான பொருள். எக்ஸில் ஏற்கெனவே எழுதியவற்றை, அமைப்புகள் பகுதியில் உங்கள் தரவுக் காப்பகத்தைக் கோரித் தரவிறக்கிக்கொள்ளலாம். அவற்றில் தேறுவனவற்றை மட்டும் பழைய தேதியிட்டு வலைப்பூவில் சேருங்கள். அனைத்தையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.