அந்த அரைப் பக்கத்தைத் திரும்பப் படியுங்கள்

கேள்வி: 1974-ல், பதினைந்து வயதில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கையால் அடுக்கும் கம்பாசிட்டராகச் சேர்ந்தேன். 19 வருடம். ஈய எழுத்தே வேண்டாத ஆஃப்செட் அச்சும், கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் டி.டி.பி.யும் வந்ததும் மூடிவிட்டார்கள். மூன்று மாதச் சம்பளம் பாக்கி. அப்புறம் 26 வருடம் ஒரு கடையில் கம்ப்யூட்டரில் டைப் அடித்தேன். "தாத்தா, நீ என்ன வேலை பார்த்தே?" என்று பேத்தி கேட்டாள். காட்ட ஒன்றுமில்லை. உழைத்ததெல்லாம் வீணா?
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: ஐயா, உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடமில்லாமல் சுருக்கிவிட்டோம், மன்னிக்கவும். முழுவதையும் நான் இரண்டு முறை படித்தேன்.

டைப் அடித்த 26 வருடத்துக்கு நீங்கள் ஒதுக்கியது இரண்டே வரி. ஆனால் 1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்த பிறகு, அது கைவிட்ட, யானைத் துதிக்கை போன்ற கொம்பு வைத்த பழைய 'லை'யைத் தேடி உங்கள் கை பழக்கத்தில் கேஸின் (எழுத்துப் பெட்டியின்) அதே அறைக்குப் போய் வெறுங்கையாகத் திரும்பிய கதைக்கு அரைப் பக்கம்! கையெழுத்தே அங்கே வேகமெடுக்கிறது. எழுத்துக் கோக்கும் சட்டமான ஸ்டிக்கில் தலைகீழாக அடுக்கிய வரி, இடைவெளி கச்சிதமாக விழுந்து ஆடாமல் நின்றால் "கட்டைவிரலுக்கே தெரியும்" என்கிறீர்கள். நானும் 30 வருடமாக எழுதுகிறேன். என் வரிகளில் எது நின்றது என்று என் விரலுக்கு இன்னும் தெரியாது. பொறாமையாகத்தான் இருக்கிறது.

45 வருடத்தையும் ஒரே தராசில் போட்டு நிறைவா, வீணா என்று கேட்காதீர்கள். அப்படி நிறுத்தால் யாருக்குத்தான் தேறும்? சம்பள பாக்கி பாக்கிதான், ஈயத் தூசி தூசிதான். 'எல்லாம் அனுபவம்' என்று அதைப் பூசி மெழுகவும் வேண்டாம். முதலாளியைத் திட்டிக்கொண்டே அந்த அரைப் பக்கத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

காட்ட ஒன்றுமில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அச்சிட்டவர் பெயரும் ஊரும் புத்தகத்தில் இருக்க வேண்டும் என்று 1867-ல் வந்த சட்டம் ஒன்று உங்கள் காலத்தில் இருந்தது. உங்கள் பெயர் இருக்காது, சரி. அச்சகத்தின் பெயர் இருக்கும். 1954-ல் வந்த இன்னொரு சட்டப்படி ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் போயிருக்க வேண்டும். எல்லாப் பதிப்பாளரும் ஒழுங்காக அனுப்பினார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். முதலில் மதுரையிலேயே நூலகத்திலும் பழைய புத்தகக் கடையிலும் தேடுங்கள். 1974-க்கும் 93-க்கும் இடையில் வந்த புத்தகமாக எடுத்து, தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

கிடைத்ததும் பேத்தியைக் கூப்பிட்டு, உள்ளே ஏதாவது ஒரு தாளின் மறுபக்கத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈய எழுத்து அழுந்திய தடம் லேசாகத் தட்டுப்படும். ஆஃப்செட் புத்தகத்தில் அது இருக்காது. அந்தத் துதிக்கை 'லை'யையும் ஒருமுறை எழுதிக் காட்டுங்கள், சிரிப்பாள்.

புத்தகத்தில் எழுத்துப்பிழை ஏதாவது அவள் கண்ணில் பட்டால், பழியைப் புரூஃப் ரீடர் மேல் போட்டுவிடுங்கள்.