வலி மாத்திரை வயிற்றை ஏன் புண்ணாக்குகிறது? பக்க விளைவு என்றால் என்ன?

நாம் எதிர்பார்த்த பலனோடு சேர்ந்து ஒரு மருந்து உடலில் செய்யும் வேறு வேலையே பக்க விளைவு.

இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுக்கின்றன. மூட்டில் வலியையும் வீக்கத்தையும் கூட்டுவது அது. இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும் அதேதான். ரத்தத்தில் கலந்த மருந்து மூட்டு, வயிறு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஒழுகும் ஒரு குழாய்க்காகத் தொட்டியின் வால்வை மூடினால் வீடு முழுக்கத் தண்ணீர் நின்றுபோகுமே, அது போல. ஆகவே ஊசியாகப் போட்டாலும் புண் வரலாம். சாப்பிட்டபின் விழுங்குவது எரிச்சலைக் குறைக்கலாம், முழுப் பாதுகாப்பு ஆகாது.

குறைந்த அளவு, குறைந்த நாட்கள் போதும். இவ்வகையில் இரண்டைச் சேர்த்து எடுக்கவே கூடாது. முன்பு அல்சர் இருந்தவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மலம் தார் போலக் கறுத்தாலோ ரத்த வாந்தி வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எல்லா மருந்தையும் இப்படிச் சட்டென நிறுத்தக் கூடாது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை 3 வாரத்துக்கு மேல் எடுத்திருந்தால், அதே வகை ஹார்மோனான கார்டிசோலை உடல் தானே சுரப்பதைக் குறைத்திருக்கும். மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பாதிப்பை மருத்துவரிடம் சொல்லியும் "எல்லாம் மனப்பிரமை" என்று தட்டிக்கழிக்கப்பட்டவர்களின் கோபம் நியாயமானது. மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, தொந்தரவு வந்த நேரம் ஆகியவற்றை எழுதி நீட்டுங்கள். அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

மூலிகைக்குப் பக்க விளைவே கிடையாது என்பது தவறு: அதிமதுரத்தை அதிகமாகத் தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும்.