வாசகர் கேள்விகள்: சிலிக்காவிலிருந்து நேராகச் சிலிக்கான் சேர்மங்கள்

கேள்வி: கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்திக் கரிமசிலிக்கான் சேர்மங்களை (சிலிக்கானும் கார்பனும் பிணைந்தவை) சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைந்த வழியில் தயாரிக்கலாம் என்று படித்தேன். அந்த வாயு சேர்மத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறதா?

பதில்: நம்பிக்கை தரும் வழிமுறையில் அது தங்குவதில்லை, துணை மட்டுமே நிற்கிறது. காரணத்தை அறிய, இச்சேர்மங்களை இன்று தயாரிக்கும் முறையைப் பார்க்க வேண்டும். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரோச்சோவும் ஜெர்மனியில் முல்லரும் தனித்தனியே கண்டறிந்தபடி, செம்பு வினையூக்கி கலந்த சிலிக்கான் தூளின் மீது ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில் மெத்தில் குளோரைடு வாயுவைச் செலுத்திச் சிலிகோனுக்கான மூலப்பொருளைப் பெறுகிறார்கள். அந்தச் சிலிக்கானைப் பெறுவதுதான் பெருஞ்செலவு. குவார்ட்ஸையும் (சிலிக்கா, அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம்) கரியையும் மின்வில் உலையில் 2000 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வினைபுரியச் செய்ய, ஒரு கிலோ சிலிக்கானுக்கு 11 முதல் 13 யூனிட் வரை மின்சாரம் வேண்டும். வேதிச் சமன்பாட்டின்படி மட்டுமே சுமார் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடும் வெளியேறும். இத்தனை பாடுபட்டுப் பிரித்த ஆக்சிஜனை, சிலிகோன் ரப்பர் போன்றவற்றைச் செய்யும்போது நீரைச் சேர்த்து மறுபடியும் சிலிக்கானோடு பிணைக்கிறோம் என்பது எனக்குப் பெரும் விரயமாகவே படுகிறது.

சிலிக்காவை மெத்தனாலுடன் நேரடியாக வினைபுரியச் செய்தால் டெட்ராமெத்தாக்ஸிசிலேன் என்னும் சிலிக்கான் சேர்மமும் நீரும் உண்டாகும். ஆனால் இது மீள்வினை; உண்டான நீரே சேர்மத்தைச் சிதைத்துச் சிலிக்காவாக்கிவிடும். எனவே ஜப்பானிய ஆய்வாளர்கள், கார்பன் டை ஆக்சைடை அழுத்தத்தில் நிரப்பிய கலனில், 2,2-டைமெத்தாக்ஸிபுரொப்பேன் என்னும் நீர்நீக்கியைச் சேர்த்து இவ்வினையை நிகழ்த்தினர். நீர்நீக்கி நீருடன் வினைபுரிந்து அசிட்டோனையும் மெத்தனாலையும் தருகிறது. அந்த மெத்தனால் மீண்டும் முதல் வினைக்கே உதவுகிறது. மின்வில் உலையும் வேண்டாம், குளோரினும் வேண்டாம் என்பதே இம்முறையின் உண்மையான ஆதாயம்.

கறாராகச் சொன்னால், டெட்ராமெத்தாக்ஸிசிலேனில் சிலிக்கான்–கார்பன் பிணைப்பு இல்லை. மேற்பூச்சுகளுக்கும் சிலிக்காப் படலங்களுக்கும் இதை அப்படியே பயன்படுத்தலாம். சிலிகோன் ரப்பருக்கோ மெத்தில் தொகுதிகளைத் தனியே இணைத்தாக வேண்டும், அந்தப் படிக்கும் பசுமையான வழி தேவை.

கேள்வி: அப்படியானால், கார்பன் டை ஆக்சைடின் கார்பன் சிலிக்கானோடு நேராகப் பிணைவதே இல்லையா?

பதில்: உண்டு. சிலிக்கானும் லித்தியமும் நேராகப் பிணைந்த சிலில் லித்தியம் சேர்மத்துடன் கார்பன் டை ஆக்சைடு வினைபுரிந்து, அமிலமேற்றிய பின் சிலாகார்பாக்சிலிக் அமிலத்தைத் தருகிறது. ஆய்வகத்தில் கார்பன் மோனாக்சைடை வேண்டிய அளவில் மட்டும் வெளியிட இவ்வமிலம் மிகவும் பயன்படுகிறது. ஆனால் சிலில் லித்தியத்தைக் குளோரோசிலேன் என்னும் குளோரின் கொண்ட சிலிக்கான் சேர்மத்திலிருந்தும் லித்தியம் உலோகத்திலிருந்தும்தான் பொதுவாகச் செய்கிறார்கள் என்பதால், கார்பன் டை ஆக்சைடு உள்ளே செல்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து இதைப் பசுமை முறை என்று நான் சொல்லமாட்டேன்.