பொடிக்காரம்மா பதில்கள்

(ஈரோட்டில் 2009 முதல் சுக்கு மல்லிப் பொடியும் சாதப் பொடிகளும் தயாரித்து விற்கிறவர், சிறுதொழில் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

நான் செய்யும் கறிவேப்பிலைப் பொடி பிரமாதம் என்று சொந்தபந்தம் எல்லாம் சொல்கிறார்கள். 100 கிராமுக்குப் பொருள் செலவு 28 ரூபாய்தான். 50 ரூபாய்க்குக் கொடுத்தால் 22 ரூபாய் லாபம். மூன்று லட்சம் கடன் வாங்கி அரவை மெஷின், பேக்கிங் மெஷின் போட்டுவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். போடலாமா?
– வாசகி, ராசிபுரம்

மெஷினைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் அந்த 22 ரூபாயைப் பார்ப்போம்.

28 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் காம்பின் எடை கழிந்ததா? காம்போடு ஒரு கிலோ கறிவேப்பிலை வாங்கினால், உருவி, கழுவி, நிழலில் உலர்த்தி முடிக்கும்போது என் கையில் கால் கிலோகூடத் தேறியதில்லை. பருப்பும் வறுபடும்போது எடை குறையும். சரி, எல்லாம் கழித்த பிறகுதான் 28 என்றே வைத்துக்கொள்வோம்.

மில்லில் அரைக்க, பாக்கெட்டுக்கு 3 ரூபாய் வரும். பவுச்சும் ஸ்டிக்கரும் ஐந்தரை. வறுக்கிற கேஸ் 2 ரூபாய். சிந்துவது, கருகுவது, மில்லில் ஒட்டிக்கொண்டு வராமல் போவது எல்லாம் சேர்த்து ஒன்றரை. அப்புறம் உங்கள் கூலி. நீங்களும் மாமியாரும் அரை நாள் உட்கார்ந்தால் 40 பாக்கெட் ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள். வெளியாள் இரண்டு பேரை வைத்தால் அந்த அரை நாளைக்கு ஆளுக்கு 200 ரூபாயாவது கொடுக்கமாட்டீர்களா? அப்படியானால் பாக்கெட்டுக்கு 10 ரூபாய். கூட்டிப் பாருங்கள். சரியாக 50 வருகிறது. கடைக்காரருக்கு இன்னும் ஒரு பைசா கொடுக்கவில்லை. மாமியாரின் உழைப்பைத்தான் லாபம் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள்.

மளிகைக் கடையில் வைக்க வேண்டுமானால் என் பக்கத்தில் விலையில் 20 சதவீதமாவது கேட்பார்கள். 75 ரூபாய் என்று விலை போட்டால் 15 கடைக்கு, 50 அடக்கம், மிச்சம் 10. திரும்பி வரும் பாக்கெட், ருசி பார்க்கக் கொடுக்கும் பாக்கெட்டுக்கு 3 ரூபாய் ஒதுக்கினால் 7 ரூபாய் நிற்கும். ஆக, ‘50 ரூபாய்க்கு ருசியாக இருக்கிறதா’ என்று சொந்தக்காரர்களைக் கேட்டுப் பயன் இல்லை. 75 ரூபாய் கொடுத்து முன்பின் தெரியாதவர் வாங்குவாரா, தீர்ந்ததும் மறுபடி வாங்குவாரா என்பதுதான் உங்கள் கேள்வி. சித்தி, அத்தையிடம் விடை கிடைக்காது. ஓசியில் கொடுத்த பொடியை நன்றாக இல்லை என்று யார்தான் சொல்வார்கள்?

நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று சொல்கிறேன். 2009 மார்கழியில் 50 கிராம் சுக்கு மல்லிப் பொடியைப் பாக்கெட் போட்டு, சம்பத் நகர் உழவர் சந்தை வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போய் நின்றேன். ஒரு பிளாஸ்க் நிறையக் காபி, காகித டம்ளர்கள், ஒரு கட்டைப் பை. பத்து மணிக்குள் 27 பாக்கெட் போனது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை, கோடீஸ்வரி ஆகிவிட்ட மாதிரி. அடுத்த ஞாயிறு போனால் அந்த 27 பேரில் திரும்பி வந்தது நாலே நாலு பேர். அதில் ஒருவர், பக்கத்து ஏடிஎம்மில் காவலுக்கு இருந்த பெரியவர், “வாசம் நல்லாத்தான் இருக்குது அம்மணி, ஆனா தொண்டையில புடிச்சு எரியுது. ராத்திரி ரெண்டாவது டம்ளர் குடிக்க முடியல” என்றார். மிளகைப் பாதியாகக் குறைத்து, மல்லியைக் கூட்டினேன். மூன்றாவது வாரம் அவரே இன்னும் இரண்டு காவலாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். இன்று வரைக்கும் அதே அளவுதான். அவருக்கு நான் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும்.

நீங்களும் 30 பாக்கெட் போடுங்கள். 75 ரூபாய் வாங்குங்கள், குறைக்காதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் யார் வாங்கினார்கள், போன் நம்பர் என்ன, எந்தத் தேதி என்று எழுதுங்கள். மூன்று வாரத்தில், நீங்கள் கூப்பிடாமல் அவர்களாகவே கூப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஏழெட்டுப் பேர் என்றால் அடுத்த 100 போடலாம். ஒருவரும் இல்லை என்றால் பொடியை மாற்ற வேண்டும், அல்லது விலையை, அல்லது ஆளை. எது என்று அவர்களையே போன் பண்ணிக் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள்.

பவுச் விஷயத்தில் என்னைப் போல ஏமாறாதீர்கள். 2012-ல் கலர் கலராக அச்சடித்த பவுச் வேண்டும் என்று ஆசை. அச்சடிக்கிற உருளைக்கு (சிலிண்டர்) செலவு தனி, குறைந்தது 10,000 பவுச் எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தேன். ஆறே மாதத்தில் வாடகை வீடு மாறினோம். உறையில் இருந்தது பழைய முகவரி. தயாரிப்பாளர் முகவரி தவறான பாக்கெட்டை விற்க முடியாது. மிச்சமிருந்த ஏழாயிரம் பவுச்சில்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் உளுந்து, கடுகு, ஊசி, பட்டன் எல்லாம் இருக்கிறது. வெற்று ஜிப் பவுச், அதன்மேல் ஸ்டிக்கர், அதுவே போதும். ஸ்டிக்கரை 200 அடித்தாலும் அடித்துக் கொடுப்பார்கள். பெயர், முகவரி, எடை, சேர்மானங்கள் (அதிக எடையில் இருப்பது முதலில்), தயாரித்த தேதி, எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விலை, புகார் சொல்ல ஒரு போன் நம்பர், சைவத்துக்கான பச்சைப் புள்ளி, உணவுப் பாதுகாப்புத் துறை கொடுக்கும் 14 இலக்க எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். சத்து விவரம் போன்றவை உங்களுக்குப் பொருந்துமா என்பதை அந்தத் துறையின் மாவட்ட அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுக்கு நான் கட்டியது ஆண்டுக்கு 100 ரூபாய். அதற்குப் போய் புரோக்கரிடம் மூவாயிரம் கொடுத்தவர்களைத் தெரியும்.

கடன்? நூறு பேர் திரும்பத் திரும்ப வாங்கட்டும், அரவை மில்லில் உங்களால் வரிசையில் நிற்க முடியாமல் போகட்டும். அப்போது கேளுங்கள். 2016-ல் நான் விசாரித்தது பிரதமரின் வேலைவாய்ப்புத் திட்டம். கிராமப்புறத்துப் பெண் என்றால் 35 சதவீதம் மானியம். ஆனால் அது கைக்கு வராது. வங்கியில் மூன்று வருஷம் டெபாசிட்டாகக் கிடந்து, அப்புறம்தான் கடனில் கழியும். அதுவரை தவணையை நாம்தான் கட்ட வேண்டும். இன்னொன்று, அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான். முதலில் வட்டிக்கு வாங்கி மெஷின் போட்டுவிட்டு, பிறகு மானியம் கேட்டுப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் எதுவும் வாங்குவதற்கு முன்பே நாமக்கல் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நடை போய், இப்போது என்ன திட்டம் நடப்பில் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். அவர் ஆர்வத்துக்கும் ஒரு வேலை வேண்டுமல்லவா.

கிரைண்டர் கல்லில் ஒட்டிய மாவை ஒரே இழுப்பில் வழித்தெடுக்க ஒரு கருவி யோசித்து வைத்திருக்கிறேன். யாரிடமாவது காட்டினால் திருடிவிடுவார்களோ என்று இரண்டு வருஷமாக வெளியே சொல்லவில்லை.
– வாசகர், கணபதி, கோவை

தம்பி, இரண்டு வருஷமாக யாரும் திருடவில்லை, யாரும் வாங்கவும் இல்லை.

உங்கள் பயத்தில் பாதி நியாயம். காப்புரிமை கிடைக்க வேண்டுமானால் பொருள் புதிதாக இருக்க வேண்டும். கண்காட்சியிலோ யூடியூபிலோ நீங்களே முதலில் காட்டிவிட்டால் அந்தப் புதுமை போய்விடும். ஆகவே முதலில் காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விவரக்குறிப்பு (உங்கள் கருவி என்ன என்று சொல்லும் முதல் குறிப்பு) ஒன்றைத் தாக்கல் செய்யுங்கள். தனிநபர் ஆன்லைனில் தாக்கல் செய்ய நான் அறிந்த கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுத்தால் போதும். அந்த ஒரு வருஷத்தில் பொருளைச் செய்து, விற்றுப் பார்த்து, முழுச் செலவு செய்யத் தகுமா என்று முடிவெடுக்கலாம்.

மீதிப் பாதி பயம் வீண். ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் போடலாம் என்ற எண்ணத்தை சிக் ஷாம்புவைத் தொடங்கிய சி.கே.ரங்கநாதன் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய அப்பா சின்னிகிருஷ்ணன் காலத்திலேயே கடலூரில் அது வந்துவிட்டது. அண்ணன் தம்பிகளும் அதே தொழிலில்தான் இருந்தார்கள். 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாக வந்த ரங்கநாதன் என்ன செய்தார்? எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் ஷாம்பு இலவசம் என்றார். ஜனங்கள் பழகியதும், காலிப் பாக்கெட்டும் சிக்காகவே இருக்க வேண்டும் என்று மாற்றினார். பாக்கெட்டைப் பார்த்து யார் வேண்டுமானாலும் காப்பி அடிக்கலாம். அந்த இரண்டாவது அறிவிப்பை எப்போது போட வேண்டும் என்பதைக் காப்பி அடிப்பது கஷ்டம்.

உங்கள் ஊர்க்காரர் அருணாசலம் முருகானந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலிவான நாப்கின் செய்ய வேண்டும் என்ற யோசனை ஒரு நிமிஷம். பஞ்சில் செய்து மனைவியிடம் கொடுத்தார், சரிப்படவில்லை. பெரிய கம்பெனிக்காரர்கள் உள்ளே வைப்பது வெறும் பஞ்சு அல்ல, மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது.

கணபதியில் தடுக்கி விழுந்தால் லேத் பட்டறை. கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு காகிதத்தில் படம் போட்டுக்கொண்டிருக்கிறீர்களே! விண்ணப்பத்தைப் போட்ட கையோடு ஐந்து கருவி செய்து, இட்லிக் கடை மாவு ஆட்டும் ஐந்து அக்காக்களிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு வாரம் கழித்துப் போய், கருவி எங்கே கிடக்கிறது என்று மட்டும் பாருங்கள். கிரைண்டர் பக்கத்தில் ஈரமாகத் தொங்கினால் நல்ல சேதி. பரண்மேல் இருந்தால், அவர்கள் கையாலேயே ஏன் வழிக்கிறார்கள் என்று நின்று கவனியுங்கள்.

எங்கள் கடலை மிட்டாயை 40 கடைகளில் போட்டிருக்கிறோம். எல்லோரும் ‘வித்ததும் தர்றேன்’ என்கிறார்கள். 38,000 ரூபாய் வெளியே நிற்கிறது. வெல்லக் கடைக்குக் கொடுக்கப் பணம் இல்லை.
– வாசகர், அருப்புக்கோட்டை

இது உங்கள் மிட்டாயின் குறை இல்லை, 40 என்ற எண்ணின் குறை. ஒரு டிவிஎஸ் ஃபிப்டியில் வாரம் ஒருமுறை 40 கடைக்கும் உங்களால் போய்வர முடியுமா? முடியாது. போகாத கடையில் பணம் வராது.

நோட்டைப் பார்த்து, தானாகவே சரக்குக் கேட்கிற பத்துப் பன்னிரண்டு கடைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற கடைகளுக்குப் போய்ச் சிரித்த முகத்தோடு விற்காத சரக்கை எடுத்துக்கொண்டு, விற்றதற்குக் காசு கேளுங்கள். “சரக்கை எடுத்துக்கிறேன் அண்ணாச்சி” என்று சொன்னதும் பாதிப் பேர் கல்லாவைத் திறப்பார்கள். வைத்துக்கொள்கிற கடைகளில் ஒரே விதி: போன தடவை பில்லுக்குப் பணம் வந்தால்தான் இந்தத் தடவை ஜார். நான் இதைச் சொல்ல ஆரம்பித்தபோது மூன்று கடைகள் போயின. அந்த மூன்றும் போனதில்தான் முதல்முறையாக என் வங்கிக் கணக்கில் மாதக் கடைசியில் பணம் நின்றது.

பெரிய கடைகளுக்கு, கம்பெனி கேன்டீன்களுக்குக் கொடுக்கிறீர்களானால் உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) எடுத்துவிடுங்கள். அரசின் தளத்தில் அது இலவசம். பணம் கேட்கிற தளம் வேறு யாருடையதோ. அந்தப் பதிவுள்ள சிறு உற்பத்தியாளருக்கு எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் 15 நாள். சட்டம் 2006-லிருந்தே இருக்கிறது. பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சடித்தாலே கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். தெருமுனைக் கடை அண்ணாச்சியிடம் இதைக் காட்டிச் சண்டைக்குப் போகாதீர்கள், வேலைக்கு ஆகாது.

நியூமராலஜி பார்த்துத்தான் பிராண்டுக்குப் பெயர் வைக்க வேண்டுமா?
– வாசகி, மன்னார்குடி

பாருங்கள், தப்பில்லை. ஆனால் ஜோசியரிடம் போவதற்கு முன்பு வணிகக் குறிப் (டிரேட்மார்க்) பதிவகத்தின் தளத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள். அங்கே பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்; மசாலா, பொடி எல்லாம் 30-ஆம் வகுப்பு. வேறு யாரோ பதிந்து வைத்திருந்தால் கூட்டுத்தொகை ஆறு வந்தாலும் ஐந்து வந்தாலும் வக்கீல் நோட்டீஸ் வரும். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். அப்புறம், போனில் ஒரே தடவை சொன்னால் எதிராளி சரியாக எழுதிக்கொள்கிற பெயராக இருக்கட்டும். என் முதல் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதி, இரண்டு பார்சல் இன்னும் எங்கே போனது என்று தெரியவில்லை.

பொடி எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், திண்டுக்கல்

அடுத்தவர் பாக்கெட்டைப் பார்த்து ‘ஆறு மாதம்’ என்று எழுதாதீர்கள். நான் எழுதினேன். சுக்குப் பொடியில் கருப்பட்டியையும் கலந்து போட்டிருந்தேன். ஐப்பசி மழையில் அது ஈரத்தை இழுத்துக்கொண்டு செங்கல் மாதிரி ஆகி, 112 பாக்கெட் திரும்பி வந்தது. ஒரு கடைக்காரர் பாக்கெட்டை மேஜைமேல் தட்டி, டொக் டொக் என்று சத்தம் காட்டினார். அன்றிலிருந்து கருப்பட்டியைச் சேர்ப்பதில்லை, வாங்குகிறவர்கள் தனியாகப் போட்டுக்கொள்கிறார்கள்.

ஒரே நாளில் போட்ட பாக்கெட்டில் 12 எடுத்து, கடையில் எப்படி இருக்குமோ அப்படியே, வெளிச்சம் படும் அலமாரியில் வையுங்கள். மாதம் ஒன்றைப் பிரித்து வாசம், நிறம், கட்டி, வண்டு பாருங்கள், சோற்றில் போட்டுச் சாப்பிட்டும் பாருங்கள். எண்ணெய் சிக்கு வாடை எந்த மாதம் வருகிறதோ, அதற்கு இரண்டு மாதம் முன்னால் தேதியை நிறுத்துங்கள். கூடவே அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்தில் ஈரப்பதமும் கிருமியும் பார்த்துவிடுங்கள். தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் இதற்கெல்லாம் வழி சொல்வார்கள். உங்கள் ஊரிலிருந்து திருச்சி வழியாகப் போகலாம். கிளம்பும்போது இரண்டு பாக்கெட்டைப் பிரிக்காமல் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.