கூலாயில் ஏஐ தரவு மையங்கள் வருகின்றன. எஸ்பிஎம் முடித்த மகனை ஏஐ கோர்ஸில் சேர்க்கலாமா?

கேட்டவர் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். மகன் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். ஜொகூர் மாநிலத்தின் கூலாயைச் சுற்றித் தரவு மையங்கள், அதாவது வரிசை வரிசையாகக் கணினிகள் ஓடும் கட்டடங்கள், எழும்புகின்றன. பேப்பரைத் திறந்தால் பில்லியன் கணக்கில் முதலீட்டுச் செய்தி. தாமான் (குடியிருப்பு) மண்டபத்துக்கு ஒருவர் வந்து, சில மாதம் ஏஐ கோர்ஸ் படித்தால் அங்கே வேலை உறுதி என்று பேசிவிட்டுப் போயிருக்கிறார். கட்டணம் சில ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்). சேர்க்கலாமா, நம் பிள்ளைகளுக்கு அங்கே உண்மையிலேயே வேலை இருக்கிறதா என்று கேட்கிறார்.

சேர்க்காதீர்கள். வேலை இருக்கிறது, ஆனால் அதற்குப் போகும் வழி கீபோர்டு பக்கம் இல்லை, சுவிட்ச்போர்டு பக்கம்.

நான் கூலாய்க்காரன். செம்பனை மில்லில் எலெக்ட்ரிகல் வேலையில் சேர்ந்து, பிறகு லைசென்ஸ் எடுத்து, இப்போது செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சார்ஜ்மேன், அதாவது மின் சாதனங்களுக்குப் பொறுப்பான லைசென்ஸ் உள்ள ஆள். கம்ப்யூட்டர் படித்தவன் கிடையாது. ஆனால் இந்தத் தரவு மையங்களில் பாதிக்கு மேல் என் தொழில்தான். அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன்.

செய்திகளில் ஏஐ என்றவுடன் ரோபோ படத்தைப் போடுகிறார்கள். உள்ளே இருப்பது வேறு. பெரிய ஏஐ மையங்களுக்கு வாங்கும், அமெரிக்க சிப் நிறுவனமான என்விடியாவின் ஜிபி200 என்விஎல்72 என்ற சாமானை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு இரும்பு அலமாரி. அதில் ஏஐ கணக்குகளைப் போடும் 72 ஜிபியு சிப்கள். அந்த ஓர் அலமாரி ஏறக்குறைய 120 கிலோவாட் இழுக்கும். இரவு பகல் நிற்காமல் ஓடினால் மாதத்துக்கு 86,400 யூனிட். உங்கள் வீட்டு பில் மாதம் 300 யூனிட் என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 290 வீடுகளின் கரண்டை அந்த ஒரு அலமாரி சாப்பிடுகிறது. பழைய தோட்டத்தில் இருந்த லயங்களை எல்லாம் சேர்த்தாலும் பல இடங்களில் அத்தனை வீடு இருக்காது.

உள்ளே போகிற கரண்டு கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். இது இயற்கை விதி, யாரும் பேரம் பேச முடியாது. அதனால்தான் இந்த அலமாரிகளுக்கு ஏர்கோன் காற்று போதாமல், சிப்பின் மேலேயே குழாய் வைத்துத் திரவம் ஓட்டிக் குளிர்விக்கிறார்கள். மில்லில் குலை உள்ளே போய் எண்ணெய் வெளியே வருகிற மாதிரி, இங்கே மின்சாரம் உள்ளே போய் விடைகளும் வெப்பமும் வெளியே வருகின்றன. விடைகளைப் பார்க்கிறவர்கள் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். வெப்பத்தைப் பார்க்க ஆள் இங்கேதான் வேண்டும்.

ஏன் கூலாய் என்று பலர் கேட்கிறார்கள். சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதியை நிறுத்தி வைத்தது. 2022இல்தான் நிபந்தனைகளோடு கொஞ்சம் திறந்துவிட்டது. அந்த இடைவெளியில் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிலம் இருந்தது, தண்ணீர் இருந்தது, மின்சார நிறுவனமான தெனாகாவின் உயர் அழுத்தக் கம்பிகள் இருந்தன. நிலம் என்றால் என்ன நிலம்? தோட்டம்தான். வைடிஎல் குழுமத்தின் வைடிஎல் பவர் 2021இல் பூஸ்டெட் பிளான்டேஷன்ஸ் என்ற தோட்ட நிறுவனத்திடமிருந்து கூலாய் யங் எஸ்டேட்டை வாங்கியது. சுமார் 1,640 ஏக்கர், ஏறக்குறைய 429 மில்லியன் ரிங்கிட். அந்த இடத்தில்தான் 500 மெகாவாட் வரை போகக்கூடிய தரவு மையப் பூங்கா. 2023 டிசம்பரில் என்விடியாவோடு சேர்ந்து 20 பில்லியன் ரிங்கிட் திட்டம் அறிவித்ததும் இதே குழுமம்தான். 2024இல் மைக்ரோசாஃப்ட் கூலாயில் ஈக்கோ வேர்ல்ட் என்ற வீடமைப்பு நிறுவனத்திடம் 123 ஏக்கர் வாங்கியது, 402 மில்லியன் ரிங்கிட்டுக்கு.

இந்த இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது ஏக்கருக்கு இரண்டு லட்சத்து அறுபதாயிரம் வெள்ளி. இரண்டாவது முப்பத்திரண்டு லட்சத்துக்கு மேல். ஒன்று மரம் நிற்கிற தோட்ட நிலம், மற்றது தொழிற்பேட்டை மனை, இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது என்பது சரிதான். ஆனாலும் ஏஐயால் முதலில் பணம் பார்த்தது யார் என்று கேட்டால் என் பதில் நிலம் வைத்திருந்தவர் என்பதுதான். நம் ஆட்கள் தோட்டத்தில் மூன்று நான்கு தலைமுறை இருந்தார்கள், நிலம் அவர்கள் பெயரில் இல்லை. ஒரு தோட்டம் மூடி ஆட்குறைப்பு வந்தால், 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம். முப்பது வருடம் உழைத்தவருக்கு 600 நாள் கூலி. இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியில் கணக்குப் போட்டால் முப்பத்துச் சில ஆயிரம் வெள்ளி. மைக்ரோசாஃப்ட் வாங்கிய மனையில் ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 800 வெள்ளிக்குப் போயிருக்கிறது. மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கதை நமக்குப் புதிதும் இல்லை. 1996இல் மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்ற தகவல் தொழில்நுட்பத் திட்டத்தை அறிவித்தபோதும் இதே மாதிரி பத்திரிகை முழுக்கக் கனவு. அரசு நிர்வாக நகரமான புத்ராஜெயா எழும்பிய இடத்தில் பிராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்கள் இருந்தன. அங்கிருந்த குடும்பங்களை டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். தரை வீட்டுக்காக அவர்கள் எத்தனை வருடம் மனு கொடுத்து, கூட்டம் போட்டு அலைந்தார்கள் என்பது தமிழ்ப் பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரியும். பக்கத்திலேயே அந்தத் திட்டத்தின் கணினி நகரமான சைபர்ஜெயா பளபளவென்று நின்றது. அங்கே வேலைக்குப் போன தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். படித்து, பட்டம் வாங்கிப் போனார்கள். மண்டபத்தில் சில மாதக் கோர்ஸ் முடித்துப் போனவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

கரண்டு கட்டணம் ஏறுமா என்று உங்கள் கேள்விக்குக் கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார். தீபகற்பத்தில் 2025 ஜூலை 1 முதல் புதிய கட்டண முறை. சராசரி அடிப்படைக் கட்டணம் யூனிட்டுக்கு 45.40 சென், 2027 வரைக்கும். வீடு அல்லாதவர்களுக்கு மின்னழுத்தத்தின்படி வகை பிரித்தார்கள், பெரிய தரவு மையங்கள் உயர் அழுத்த வகையில்தான் வரும். மாதம் 1,000 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு ஊக்கத் தள்ளுபடி உண்டு. அதனால் இப்போதைக்குத் தரவு மையத்தால் உங்கள் பில் எகிறும் என்று பயமுறுத்துவது சரியில்லை. என் கவலை அடுத்த சுற்றில். ஜொகூரின் தஞ்சோங் பின் நிலக்கரி மின் நிலையத்தில் பழைய உற்பத்தி யூனிட் ஒவ்வொன்றும் 700 மெகாவாட். கூலாயில் ஒரே ஒரு பூங்கா முழுதாக ஓடினாலே 500. அப்படிப் பல பூங்கா வந்தால் புது மின் நிலையம், புது சப்ஸ்டேஷன், புதுக் கம்பி எல்லாம் வேண்டும். அந்தச் செலவை யார் தலையில் வைப்பது என்ற பேச்சு 2027க்குப் பிறகு வரும்போது, மண்டபத்தில் ஏஐ பேசுகிறவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

தண்ணீர் இன்னும் சிக்கல். சிப் பக்கத்தில் ஓடுவது மூடிய சுற்று, அதில் இழப்பு கம்மி. ஆனால் அந்தச் சூட்டைக் கடைசியில் வெளிக்காற்றில் விட வேண்டும். கூலிங் டவர் வைத்தால் தண்ணீர் ஆவியாகிப் போகும். உலர் கூலர் வைத்தால் தண்ணீர் மிச்சம், கரண்டு கூடும், நம் ஊர் வெக்கையில் இன்னும் கூடும். இரண்டில் ஒன்றுக்கு விலை கொடுத்தே ஆக வேண்டும். 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் ஒரு நாளைக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம், 2061 வரை. ஆயிரம் கேலனுக்கு 3 சென். ஆக இந்த மாநிலத்தில் தண்ணீருக்குக் கணக்குக் கேட்பது பழைய வழக்கம். மாநில அரசு 2024இல் ஒரு குழு வைத்து, வந்த தரவு மைய விண்ணப்பங்களில் கிட்டத்தட்ட 30 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பியது எனக்குப் பிடித்திருந்தது. வருகிறவன் எல்லாம் வரட்டும் என்று இருந்தால், வறட்சி மாதத்தில் டேங்கர் லாரிக்கு வாளியோடு நிற்பது நாம்தான்.

அப்புறம், இந்த ஏஐ அலை நிலைக்குமா என்பது. சீனாவின் டீப்சீக் நிறுவனம் கொஞ்சச் செலவில் நல்ல ஏஐ மாடலை உருவாக்கிவிட்டது என்ற பேச்சு பரவியதும், 2025 ஜனவரி 27 அன்று ஒரே நாளில் என்விடியாவின் சந்தை மதிப்பில் ஏறக்குறைய 600 பில்லியன் டாலர் கரைந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் பைடன் அரசு, மலேசியா போன்ற நாடுகளுக்கு ஏஐ சிப் எண்ணிக்கையில் உச்சவரம்பு என்று விதி போட்டது. மே மாதம் டிரம்ப் அரசு அதை ரத்து செய்தது. ஜூலையில் நம் அரசே, அமெரிக்க ஏஐ சிப்களை இங்கிருந்து வெளியே அனுப்பப் பெர்மிட் வேண்டும் என்றது. ஆறு மாதத்துக்குள் இத்தனை திருப்பம். கூலாயில் சிப் வருமா வராதா என்பது வாஷிங்டனில் யார் எந்த மூடில் எழுந்தார் என்பதைப் பொறுத்திருக்கிறது. இதை நம்பி ஒரு பதினெட்டு வயதுப் பையனின் படிப்பை முடிவு செய்யாதீர்கள். வைடிஎல் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட இல்மு போன்ற உள்நாட்டு ஏஐ மாடல்கள் வருவது நல்லதுதான், நானும் கைதட்டுவேன். ஆனால் ஒரு மாடலைப் பயிற்றுவிக்கும் குழுவில் இருப்பவர்கள் கணிதத்திலும் கணினியிலும் பல வருடம் மண்டையை உடைத்தவர்கள். பையனுக்கு அந்தப் பக்கம் ஆசையும் கணக்கில் கெட்டித்தனமும் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு முந்தின மெட்ரிகுலேஷனோ எஸ்டிபிஎம்மோ எடுத்து, ஸ்கூடாயில் இருக்கும் யுடிஎம் பல்கலைக்கழகம் மாதிரி இடத்துக்குக் குறி வைக்கட்டும். குறுக்கு வழி கிடையாது.

அந்த ஆசை இல்லை, கையால் வேலை செய்யப் பிடிக்கும் என்றால் இப்போது சொல்வதைக் கவனியுங்கள். தரவு மையம் கட்டும்போது ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். கட்டி முடிந்ததும் அவர்கள் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்கள், பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நிரந்தரமாக நிற்பது சின்னக் கூட்டம். அதில் காவல், துப்புரவு வேலைகளை விட்டுவிட்டால் மீதியில் முக்கியமானது கட்டடத்தின் கரண்டையும் குளிர்ச்சியையும் பார்க்கும் ஃபெசிலிட்டி ஆட்கள்: டிரான்ஸ்பார்மர், சுவிட்ச்கியர், கரண்டு போனால் தாங்கும் யுபிஎஸ், ஜென்செட், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், பம்ப். இதைப் பார்க்க 1990ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டமும் 1994 விதிமுறைகளும் சொல்கிற தகுதிபெற்ற ஆள் சட்டப்படியே வேண்டும். சார்ஜ்மேன் லைசென்ஸ் அங்கேதான் வருகிறது. குறைந்த மின்னழுத்தத்துக்கு ஏ வரிசை, ஏ0, ஏ1, ஏ4 என்று போகும். உயர் மின்னழுத்தத்துக்கு பி0வும் அதற்கு மேலும். எரிசக்தி ஆணையம் தேர்வு வைத்துக் கொடுப்பது. பி வரிசை கையில் இருக்கிறவனை முதலாளி சுலபத்தில் விட மாட்டார், ஏனென்றால் சட்டத்துக்குப் பதில் சொல்ல அவன் பெயர் வேண்டும்.

ஆரம்பம் எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழ். எலெக்ட்ரிகல் அல்லது ரெஃப்ரிஜரேஷன் ஏர்கோன், இரண்டில் ஒன்று. மூன்றாம் நிலை வரை எஸ்கேஎம், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. அரசு பயிற்சி நிலையங்களில் செலவு குறைவு, திறன் பயிற்சிக்கான பிடிபிகே கடனும் உண்டு. பெண் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். சில்லர் கண்ட்ரோல் ரூமில் பெண்கள் நன்றாகவே வேலை பார்க்கிறார்கள், அக்கம் பக்கத்துப் பேச்சுதான் தடை. ஒருவேளை நாளைக்கே ஏஐ மோகம் அடங்கி அலமாரிகளைக் கழற்றிக்கொண்டு போனாலும், இந்த லைசென்ஸ் மருத்துவமனையிலும் மில்லிலும் மாலிலும் துறைமுகத்திலும் செல்லும்.

மண்டபத்துக்காரர் திரும்ப வந்தால் அவரிடம் கேட்க மூன்று விஷயம்: அந்தச் சான்றிதழை எந்த அமைப்பு அங்கீகரிக்கிறது, போன தடவை படித்தவர்களில் யார் எந்தத் தரவு மையத்தில் வேலை பார்க்கிறார், வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா. மகன் இன்டர்வியூவுக்குப் போகும்போது அவனும் கேட்கட்டும்: வேலை நிறுவனத்தில் நேரடியா, கான்ட்ராக்டர் மூலமா? பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டா? லைசென்ஸ் தேர்வுக்குக் கட்டணமும் லீவும் கொடுப்பார்களா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்கிற இடத்தில் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் சேரச் சொல்லுங்கள்.