எந்த நாவலை எந்த வயதில் கொடுப்பது?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. 'தி ஹங்கர் கேம்ஸ்', 'தர்ட்டீன் ரீசன்ஸ் வொய்' இரண்டையும் கேட்கிறாள். முதல் நாவலில் பிள்ளைகளே ஒருவரையொருவர் கொல்கிறார்களாம், அதனால் அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது பள்ளிக்கூடக் கதைதானே, வாங்கித் தரலாமா?

பதில்: நானாக இருந்தால் நேர்மாறாகச் செய்வேன். 'ஹங்கர் கேம்ஸ்' பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். 12 முதல் 18 வயதுக்குட்பட்ட 24 பேரை ஓர் அரங்கில் விட்டு, ஒருவர் மிஞ்சும்வரை கொல்லவைத்து, அதை ஓர் அரசு தொலைக்காட்சியில் காட்டுகிறது. ரத்தம் இருக்கிறது. ஆனால் அந்தக் கதை கொலையை எங்கேயும் கொண்டாடவில்லை. ரூ என்ற 12 வயதுச் சிறுமி இறக்கும்போது நாயகி காட்னிஸ் அவள் உடலைப் பூக்களால் அலங்கரித்துவிட்டுத்தான் நகர்கிறாள். படிக்கிற பிள்ளைக்கு அங்கே கோபம் வருவது இதை வேடிக்கையாக நடத்துகிறவர்கள் மேல். 13 வயதில் தாராளமாகப் படிக்கலாம். 2010-இல் வந்த மூன்றாம் பாகம் மட்டும் இன்னும் கனமானது, போர் மனதை என்ன செய்யும் என்பதைப் பற்றியது, அதற்கு ஓரிரு வருடம் பொறுக்கலாம்.

'தர்ட்டீன் ரீசன்ஸ் வொய்' 2007-இல் வந்தது. தற்கொலை செய்துகொண்ட ஒரு மாணவி, தன் சாவுக்கு யார் யார் காரணம் என்று கேசட்டுகளில் பதிவு செய்து வைத்துவிட்டுப் போகிறாள். சின்னச் சின்னக் கொடுமைகள் சேர்ந்தால் ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று காட்டுவதுதான் நோக்கம், அதில் எனக்குக் குறையில்லை. என்னை உறுத்துவது கதை கட்டப்பட்ட விதம். இறந்தவளின் குரல் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருக்கிறது, அவளைக் காயப்படுத்தியவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதைக் கேட்டாக வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே மனம் உடைந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு, 'நான் போனால்தான் இவர்களுக்குப் புரியும்' என்று தோன்றிவிடக்கூடும். போதாக்குறைக்கு, அவள் உதவி கேட்டுப்போகும் பள்ளி ஆலோசகரும் அவளைக் கைவிட்டுவிடுகிறார். இதைத் தழுவி 2017-இல் வந்த தொடரில் இருந்த தற்கொலைக் காட்சியை 2019-இல் நீக்கினார்கள். 15 வயதுக்கு மேல், நீங்களும் கூடவே படித்துப் பேசுவதாக இருந்தால் கொடுங்கள். பிள்ளை சோர்ந்திருக்கிற சமயம் என்றால் எந்த வயதிலும் இப்போது வேண்டாம், முதலில் அவளிடம் பேசுங்கள்.

பள்ளிக்கூடக் கதைதான் வேண்டும் என்றால் 14 வயதில் 'ஸ்பீக்' கொடுக்கலாம். 1999-இல் வந்த நாவல். இதிலும் விஷயம் கனமானதுதான், ஒரு விருந்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் பேசுவதையே ஏறக்குறைய நிறுத்திவிடுகிறாள். ஆனால் நடந்ததை விரித்து எழுதாமல், அதற்குப் பிறகு அவள் எப்படி நாட்களைக் கடக்கிறாள் என்பதைத்தான் கதை பின்தொடர்கிறது. ஓவிய ஆசிரியர் ஒருவர் துணையாக இருக்கிறார், கடைசியில் அவள் வாய் திறந்து சொல்கிறாள். ஒரு நாவலில் எத்தனை சாவு, எத்தனை முத்தம் என்று எண்ணுவதைவிட, நடந்ததற்குப் பிறகு கதை அந்தப் பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். முழுதும் படிக்க நேரமில்லை என்றால் மிகக் கடுமையான அத்தியாயத்தையும் கடைசி இரண்டு அத்தியாயங்களையுமாவது படித்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 15 வயது. 'தி அவுட்சைடர்ஸ்' நாவலில் கத்திக்குத்து வருகிறது என்று அம்மா தடுக்கிறார். என்ன செய்வது?

பதில்: அதை எழுதத் தொடங்கியபோது எஸ்.இ. ஹின்டனுக்கும் உன் வயதுதான் தம்பி, 1967-இல் வெளியானது. கத்திக்குத்து வருகிறது, சிகரெட்டும் வருகிறது, ஆனால் குத்தியவனால் அதற்குப் பிறகு நிம்மதியாக இருக்கவே முடியவில்லை என்பதுதான் கதை. சின்னப் புத்தகம், அம்மாவையே முதலில் படிக்கச் சொல். அப்புறமும் வேண்டாம் என்றால் எந்த இடம் அவரை உறுத்துகிறது என்று கேள்.

கேள்வி: 'தி கிவர்' நாவலில் சண்டையும் இல்லை, காதலும் பெரிதாக இல்லை என்கிறார்கள். என் 10 வயது மகன் படிக்கலாமா?

பதில்: இன்னும் இரண்டு வருடம் போகட்டும். சண்டை இல்லைதான், ஆனால் நாயகனின் அப்பா ஒரு பச்சிளங்குழந்தையை அமைதியாக, கொஞ்சிப் பேசியபடியே ஊசி போட்டுக் கொல்லும் ஓர் இடம் வருகிறது. ரத்தக்களரியான பல நாவல்களைவிட அது அதிகம் உலுக்கும். நாயகனுக்கே 12 வயதுதான், அந்த வயதில் படித்தால் அவன் கேட்கும் கேள்விகள் உங்கள் மகனுக்கும் எழும்.