காணாமல் போன தம்பிக்கு இறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள்: வாங்கினால் போலீஸ் தேடுவது நின்றுவிடுமா?

கேள்வி: 1994இல் எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாக் கூட்டத்தில் என் தம்பி காணாமல் போனான். அப்போது அவனுக்கு ஐந்து வயது. அப்பா ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. 2012இல் அப்பாவும் இறந்துவிட்டார். அவர் சொந்தமாக வாங்கிய ஒன்றரை ஏக்கர் நிலத்தை அம்மா, அண்ணன், நான் மூவர் பெயருக்கும் மாற்றப் போனால், தம்பியின் இறப்புச் சான்றிதழைக் கேட்கிறார்கள். 40 ஆயிரம் கொடுத்தால் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். 71 வயது அம்மாவோ, “அவன் செத்துட்டான்னு கையெழுத்துப் போட மாட்டேன்” என்கிறார். இறந்ததாகப் பதிந்தால் போலீஸ் வழக்கு முடிந்துபோகுமா? — ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: முதலில் அந்த 40 ஆயிரம் ஆசாமியிடம் இனிப் பேசாதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அது போனதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பயப்படும் விஷயம் அவர் தரும் காகிதத்தால்தான் நடக்கும்.

அவர் வாங்கித் தரும் சான்றிதழில் ஒரு தேதி இருக்கும், ஓர் ஊர் இருக்கும், தம்பி அங்கே இறந்தான் என்று இருக்கும். எல்லாம் பொய். பிறகு நீங்கள் எப்போது ஸ்டேஷனுக்குப் போனாலும் அதையே எடுத்துக் காட்டி, “நீங்களே இறந்துவிட்டதாகப் பதிந்திருக்கிறீர்களே” என்று கோப்பை மூடிவிடுவார்கள். போலி என்று தெரியவந்தால் வழக்கும் உங்கள் மேல்தான் வரும், ஏனென்றால் விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் வீட்டுக் கையெழுத்து. புரோக்கரின் பெயர் எங்குமே இருக்காது. இப்படி ஏமாந்து வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். உடலே கிடைக்காத ஒருவருக்கு எந்தப் பதிவாளரும் நேரடியாகச் சான்றிதழ் தர முடியாது. இது தெரிந்தும், “கோர்ட்டுக்குப் போங்கள்” என்று ஒரு வரி எழுதிக் கொடுக்காமல் சும்மா திருப்பி அனுப்புகிறார்கள். புரோக்கர்கள் பிழைப்பதே அதனால்தான்.

சரி, நேர் வழி எது? ஒருவரைப் பற்றி, அவர் உயிரோடு இருந்தால் இயல்பாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஏழு வருடம் ஒரு தகவலும் இல்லையென்றால், அவர் இறந்துவிட்டதாக நீதிமன்றம் அனுமானிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 111ஆம் பிரிவு. உரிமையியல் நீதிமன்றத்தில், ஊர்வழக்கில் முன்சீப் கோர்ட்டில், வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்க வேண்டும். அந்தத் தீர்ப்பை வைத்து இறப்பைப் பதியலாம்.

அம்மாவிடம் இதை நிதானமாகச் சொல்லுங்கள். அவர் “செத்துட்டான்” என்று எங்கேயும் எழுத வேண்டியதில்லை. “1994 முதல் என் மகனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை” என்றுதான் மனுவில் இருக்கும். அது உண்மை. அனுமானம் என்பது நிரூபணம் ஆகாது. நாளைக்கே தம்பி வந்து நின்றால் அது உடைந்துவிடும். குற்ற வழக்கையும் அந்தத் தீர்ப்பு முடித்து வைக்காது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், வக்கீல்களே தடுமாறும் இடம் இது. இறந்துவிட்டார் என்றுதான் சட்டம் அனுமானிக்கும், எந்தத் தேதியில் என்று அனுமானிக்காது. எல்ஐசி எதிர் அனுராதா வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. காணாமல் போன நாளிலேயே இறந்தார் என்றோ, ஏழு வருடம் முடிந்த அன்று இறந்தார் என்றோ சொல்பவர், அதைச் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால், வழக்கு நீதிமன்றத்துக்கு வந்த சமயத்தில் அவர் உயிரோடு இல்லை என்ற அளவுக்குத்தான் எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கு இதனால் என்ன? 2012இல் அப்பா இறந்தபோது தம்பி இறந்திருந்தான் என்று உங்களால் நிரூபிக்க முடியாது. ஆகவே நிலத்தில் அவனுக்கும் கால் பங்கு விழுந்ததாகக் கணக்கு. நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்றால், மணமாகாத மகனின் பங்கு தாய்க்குத்தான் போகும். அப்படிப் பார்த்தால் அம்மாவுக்கு அரை, உங்களுக்கும் அண்ணனுக்கும் கால் கால். மூன்று சமபங்கு என்று பத்திரம் எழுதுவதற்கு முன்னால் வக்கீலிடம் இதைக் கேளுங்கள். மனுவில் இறப்புத் தேதியாக 1994ஐப் போடலாம் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி போலீஸ் வழக்கு. “முப்பது வருடம் ஆச்சு, காலம் கடந்துபோச்சு” என்பார்கள். நம்பாதீர்கள். மூன்று வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் அந்தக் காலவரம்பு. ஆள்கடத்தலுக்கு, இ.பி.கோ. 363இல், ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. கண்டுபிடிக்க முடியவில்லை என்று முடித்து வைத்த வழக்கிலும் மேல்விசாரணை கேட்கலாம். பழைய எஃப்ஐஆர் வேண்டும் என்று எஸ்பி அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு ஆர்டிஐ மனு போடுங்கள். அழித்துவிட்டதாகப் பதில் வரும் என்பதால், அழித்த உத்தரவின் நகலையும் அதே மனுவிலேயே கேளுங்கள். எஃப்ஐஆரே போடவில்லை என்று தெரிந்தால், இப்போது போடச் சொல்லிப் புகார் கொடுங்கள். காணாமல் போன குழந்தை பற்றிய புகார் வந்தால் எஃப்ஐஆர் பதிய வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நான்கு மாதத்தில் குழந்தை கிடைக்காவிட்டால் வழக்கை ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்று 2016இன் சிறார் நீதி மாதிரி விதிகள் சொல்கின்றன. இரண்டையும் சுட்டிக்காட்டி எஸ்பிக்கு எழுதுங்கள். குழந்தையைத் தொலைத்தவர்கள் சட்டப் பிரிவை மேற்கோள் காட்டினால்தான் எழுந்திருப்போம் என்று ஒரு துறை உட்கார்ந்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் நிலைமை அதுதான்.

ஆட்கொணர்வு மனு போட்டால் உடனே கிடைத்துவிடுவான் என்று சொல்லி யாராவது ஃபீஸ் கேட்டால் கொடுக்காதீர்கள். யார் பிடித்து வைத்திருக்கிறார் என்றே தெரியாத இடத்தில் அந்த மனு பெரும்பாலும் நிற்காது.

தம்பி உடம்பில் இருந்த மச்சம், தழும்பு எல்லாவற்றையும் அம்மாவிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள். பேப்பரில் விளம்பரம் கொடுத்தால் அதில் ஒன்றையாவது வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 1977இல் ஒரு ஜமீன்தாரின் 16 வயது மகன் காணாமல் போனான். 1981இல் ஒருவன் வந்து நான்தான் அவன் என்றான். தலையின் இடப்பக்கம் என் மகனுக்கு இருந்த வெட்டுத் தழும்பு இவனுக்கு இல்லை என்று தாய் அப்போதே புகார் கொடுத்தார். அவன் அந்த மகன் இல்லை, ஆள்மாறாட்டம் என்று தீர்ப்பு வந்தது 2022இல், தாய் இறந்து பல வருடம் கழித்து. அந்த ஆள் டிஎன்ஏ பரிசோதனைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தன் பழைய பெயரில் இருந்தவன் செத்துவிட்டான் என்று காட்ட ஒரு போலி இறப்புச் சான்றிதழையும் கோர்ட்டில் கொடுத்திருந்தார்.

அதனால் அம்மா இருக்கும்போதே அவருடைய டிஎன்ஏ மாதிரியைப் பதிவு செய்துவிடுங்கள். காணாமல் போனவர்களுக்கான தேசிய டிஎன்ஏ வங்கிக்கு வழிசெய்யும் மசோதாவை 2023இல் மத்திய அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. அதனால் வழக்குக் கோப்பில் மாதிரியைச் சேர்க்கும்படி போலீசிடம் எழுத்துமூலமாகக் கேளுங்கள். வம்சாவளி பார்க்கும் தனியார் வெளிநாட்டு நிறுவனங்களிலும் கொடுத்துப் பார்க்கலாம். 1990களின் கடைசியில் சென்னைப் பகுதியில் கடத்தப்பட்ட குழந்தைகள் தத்து என்ற பெயரில் நெதர்லாந்து, ஆஸ்திரேலியா வரை போனதாக 2005இல் வெளிவந்தது, சிபிஐ விசாரித்தது. அப்படித் தத்துப் போனவர்களில் சிலர் இன்று பெற்றோரைத் தேடி இந்த நிறுவனங்களில் மாதிரி கொடுக்கிறார்கள். உங்கள் தம்பி அப்படிப் போயிருப்பான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாதிரி கொடுத்து வைக்காவிட்டால் அந்த வழி திறக்காது.

வழக்குச் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. அம்மாவை முதல் மனுதாரராகப் போட்டு, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். தொலைபேசி எண் 15100.